கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் வலி தீர்ந்துவிடுமா?

(பஞ்சாலைப் பெண் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், ஷிப்டு பற்றி இந்த மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று பேச வந்த விஷயம் வேறு. அடிவயிற்று வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதையெல்லாமா மேடையில் பேசுவது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசாமல் இருந்ததால் நாம் இழந்தது கொஞ்சமல்ல. எனவே பேசத்தான் வேண்டும்.

முதலில் என் கதையையே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது முதல் மாதம் மூன்று நாள் நான் சுருண்டு படுப்பேன். "கல்யாணமானால் சரியாகும்" என்றார் அம்மா. "பிள்ளை பெற்றால் சரியாகும்" என்றார் மாமியார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், வலி போகவில்லை. பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் பேசுகிறவள் நான். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவேன். 38 வயதில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கான் எடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "இரண்டு பிள்ளைதான் ஆகிவிட்டதே, இனி அது எதற்கு? எடுத்துவிடலாம். விட்டால் கான்ஸராகிவிடும். காப்பீட்டு அட்டை இருக்கிறதா?" இவ்வளவுதான் பேச்சு. என்ன வியாதி என்று அங்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று கேட்காமல் விட்ட கேள்விகளை நீங்களாவது கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பேச்சு.

வியாதி எங்கே இருக்கிறது?

பிறகு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பெண் டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். கர்ப்பப்பையின் உட்புறத்தில் ஒரு சவ்வு உண்டு. மாதந்தோறும் அதுதான் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. அதைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலும், வயிற்றின் உட்சவ்விலும், சில சமயம் குடலிலும் மூத்திரப்பையிலும் ஒட்டி வளர்வதுண்டு. அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். அதுவும் மாதந்தோறும் வீங்கிக் கசிகிறது. ஆனால் வெளியேற வழி கிடையாது. அங்கேயே புண்ணாகி, தழும்பாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. தீட்டு நாளிலும், தாம்பத்தியத்திலும், மலம் கழிக்கும்போதும் வலி உயிரை வாங்குகிறது. உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருத்திக்கு இது உண்டு, மொத்தம் சுமார் 19 கோடிப் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இது கான்ஸர் அல்ல. அந்தப் பயமுறுத்தலை முதலில் மனத்திலிருந்து எடுத்தெறியுங்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வியாதி கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கிறது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், வெளியே ஒட்டியிருப்பது எங்கே போகும்? அது அங்கேயேதான் இருக்கும். சினைப்பைகள் சுரக்கும் ஹார்மோன் அதற்கு உரம் போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் பலருக்கு வலி திரும்ப வருகிறது. "அப்படியானால் சினைப்பைகளையும் எடுத்துவிடலாமே?" என்று கேட்கலாம். அப்படி எடுத்தால் முப்பது வயதுக்காரிக்கு ஒரே நாளில் ஐம்பது வயதுக்காரியின் உடம்பு வந்துவிடும். உடம்பெல்லாம் தீயாய்க் கொதிக்கும், தூக்கம் வராது, எலும்பு தேயும், இருதய நோய்க்கு வாய்ப்பு கூடும். அந்த ஹார்மோனை மருந்தாக ஈடு செய்ய வேண்டும் என்று மருத்துவ சாஸ்திரம் சொல்கிறது. ஆனால் ஆபரேஷன் முடித்து அனுப்பப்படுகிற ஏழைப் பெண்களில் எத்தனை பேருக்கு அதைச் சொல்லி அனுப்புகிறார்கள்?

நம் ஆலையில் வேலை செய்த ஒரு சகோதரிக்கு 29 வயதில் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். இன்று அவளுக்கு 36 வயது. மாடிப்படி ஏற முட்டி இடம் கொடுக்கவில்லை. நைட் ஷிப்டு பார்க்க முடியாமல் வேலை போயிற்று. வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது. அந்தப் பழைய வலியும் முழுதாகத் தீரவில்லை!

மாற்று வழிகள் என்ன?

முதலாவது, வலி நிவாரண மாத்திரை. இபுப்ரோபென், மெபெனமிக் ஆசிட் போன்றவற்றை வலி முற்றிய பிறகு விழுங்குவதைவிட, தீட்டு தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் பலன் அதிகம். ஆனால் இது வலியை அடக்குமே தவிர வியாதியை அடக்காது. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் தீட்டு வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பிய செய்தி 2019ல் வெளிவந்தது. பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்கி விழுங்காதீர்கள்.

இரண்டாவது, ஹார்மோன் மருந்து. வெளியே வளரும் திசுவுக்கு உரம் போவதை இது நிறுத்துகிறது. கருத்தடை மாத்திரைகளே இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் இரத்தக் கொதிப்பு, கண் கூசும் ஒற்றைத் தலைவலி, இரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள் எல்லா வகையையும் சாப்பிடக் கூடாது. டயனோஜெஸ்ட் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. தினம் 2 மில்லிகிராம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. கருத்தடைக்காக "அந்தரா" என்ற பெயரில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடுகிறார்களே, அதே மருந்துதான். நீண்ட காலம் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். இதைக் காப்பர்-டி என்று எண்ணிவிட வேண்டாம். காப்பர்-டி இரத்தப் போக்கையும் வலியையும் கூட்டக் கூடும். இதுவோ இரண்டையும் குறைக்கும், பல வருஷம் வேலை செய்யும். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாக இரத்தம் படும், பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பிள்ளை வேண்டும் என்றிருக்கும் பெண்ணுக்கு இந்த ஹார்மோன் வழிகள் அந்தச் சமயத்தில் ஒத்து வராது.

நான்காவது, சிறு துவாரம் போட்டுக் குழாய் விட்டுச் செய்யும் லாபராஸ்கோப்பி ஆபரேஷன். ஒட்டி வளர்ந்ததை மட்டும் நீக்கிவிட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பையையும் காப்பாற்றலாம். கை தேர்ந்தவர் செய்ய வேண்டும். பிறகும் வியாதி திரும்ப வரலாம். அதனால் ஆபரேஷனுக்குப் பின் மருந்தைத் தொடரச் சொல்வார்கள்.

ஐந்தாவதாக ஒரு முக்கிய விஷயம். அடிவயிற்று வலி எல்லாமே கர்ப்பப்பையால் வருவதல்ல. மூத்திரப்பை, குடல், இடுப்புத் தசை எல்லாம் வலிக்கலாம். கிருமித் தொற்றால் வலிக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது. நம் நாட்டில் காச நோய் கர்ப்பப்பையையும் கருக்குழாயையும் தாக்குவதுண்டு. அதற்குக் காச நோய் மருந்துதான் வேண்டும், கத்தி வேண்டாம். எட்டு மணி நேரம் நின்று இறுகிப் போன இடுப்புத் தசைக்குப் பயிற்சி சிகிச்சை உண்டு.

கத்தியே வேண்டாமா?

அப்படிச் சொல்ல நான் வரவில்லை. என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே அந்தத் திசு வளர்ந்திருந்தது. அடினோமயோசிஸ் என்பார்கள். மாதம் பத்து நாள் இரத்தம் கொட்டி, வெள்ளைத் தாள் போல வெளுத்துப் போனாள். மாத்திரை பார்த்தாள், சாதனம் பார்த்தாள், இரண்டு வருஷம் போராடினாள். பலிக்கவில்லை. 46 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள், சினைப்பைகளை விட்டுவைத்தார்கள். இன்று நன்றாக இருக்கிறாள். வியாதி கர்ப்பப்பைக்குள் இருந்தது, எடுத்தது பலித்தது. கான்ஸர் வந்தாலும் கத்தி தேவைப்படலாம். தீட்டு நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, தாம்பத்தியத்துக்குப் பின் இரத்தம் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முடிவு செய்ய வேண்டியவள் நோயாளிதான். விஷயம் முழுதும் தெரிந்து முடிவு செய்ய வேண்டும்.

யாருடைய வசதிக்காக?

மராட்டியத்தின் பீட் ஜில்லாவைப் பாருங்கள். கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் 2019ல் அந்த மாநிலத்தில் அமைக்கப்பட்ட கமிட்டி கணக்கெடுத்தது. சுமார் 82,000 பேரில் 13,800 பேருக்கு மேல் கர்ப்பப்பை இல்லை! ஆறு பேரில் ஒருத்தி! புருஷனும் பெண்ஜாதியும் ஒரு ஜோடியாக முன்பணம் வாங்கி வெட்டப் போகிறார்கள். ஒரு நாள் படுத்தால் மேஸ்திரி அபராதம் பிடிப்பான். கழிப்பிடம் கிடையாது, தண்ணீர் கிடையாது. தீட்டே இல்லாவிட்டால் கூலி பிடிபடாதே என்று அந்தப் பெண்களே கத்தியின் கீழ் போய்ப் படுத்தார்கள். வியாதி உடம்பில் மட்டுமா இருந்தது, சொல்லுங்கள்!

ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. நாடு முழுவதற்கும் சராசரி மூன்று சொச்சம்தான். பெரும்பகுதி தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிச் செய்யப்பட்ட ஆபரேஷன்கள் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. இவற்றைத் தடுக்க மத்திய சர்க்கார் 2022ல் நெறிமுறைகளை வெளியிட்டது. மாவட்டம் முதல் தேசம் வரை கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும் என்கிறது அது. அவற்றை மாநிலங்கள் அமுல் நடத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் கோர்ட் உத்தரவிட்டது. காகிதத்தில் இருப்பது நம் ஜில்லாவுக்கு வந்திருக்கிறதா? நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

சகோதரிகளே, ஆபரேஷன் என்று யார் சொன்னாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு என்ன வியாதி? அது கர்ப்பப்பைக்கு உள்ளேயா, வெளியேயா? மருந்து கொடுத்து எத்தனை மாதம் பார்த்தீர்கள்? சினைப்பைகளை என்ன செய்யப் போகிறீர்கள்? எடுத்த பிறகும் வலி வருமா? பதில் வராவிட்டால் காகிதங்களை வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பாருங்கள். தனியே போகப் பயமாக இருந்தால் சங்கத்தில் சொல்லுங்கள், கூட வருகிறோம். தோழர்களே, உங்கள் மனைவி "வலிக்கிறது" என்றால் நம்புங்கள். அது பெரிய உதவி.

எனக்கு அந்த டாக்டர் டயனோஜெஸ்ட் கொடுத்தார். முதல் மூன்று மாதம் சொட்டு இரத்தமும் மனச் சோர்வும் படுத்தின. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் பொறுமையாகப் பேசித் தொடர வைத்தார். ஆறாவது மாதம் வலி பாதிக்குக் கீழே வந்தது. முற்றிலும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இன்று இந்த மேடையில் வலி மாத்திரை போடாமல் ஒரு மணி நேரமாக நிற்கிறேன். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் நிற்பேனா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் அவசரப்படாதீர்கள். கேளுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.