ஒத்து ஊதுதல் இழிவன்று



மக்கள் பேச்சில் வழங்கும் தொடர்கள் பல இசையிலிருந்து வந்தவை. பறை முழக்கி ஊராருக்குச் செய்தி அறிவித்த வழக்கத்தால் ‘பறைசாற்றுதல்’ பிறந்தது. கச்சேரியின் இறுதியில் மங்களம் பாடப்படுவதால், ஒரு செயலை முடித்துவிடுவதை ‘மங்களம் பாடுதல்’ என்பர். பல்லவி மீண்டும் மீண்டும் வருவதால், சொன்னதையே சொல்பவர் ‘பழைய பல்லவி பாடுகிறார்’ எனப்படுகிறார்.

இவற்றுள் பெரும்பழி சுமந்தது ‘ஒத்து ஊதுதல்’. பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவரை இத்தொடரால் இகழ்வர். ஒத்து என்பது யாது? நாதசுரம் போன்ற தோற்றமுடைய அக்கருவியில் ராகம் வாசிக்கும் விரல்துளைகள் இல்லை. ஒரே சுரத்தை இடையறாது ஒலிப்பதே அதன் பணி. அச்சுருதியைப் பற்றிக்கொண்டே நாதசுரக் கலைஞர் ராகத்தை விரிப்பார். பிற்காலத்தில் சுருதிப்பெட்டி வந்தது. ஒத்துக்காரர் மேளக் குழுவிலிருந்து மெல்ல மறைந்தார். வசைச்சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

நெகிரி செம்பிலான் தோட்டக் கோயில்களும் ஒத்துக்காரரைப் போன்றோரின் தொண்டினாலேயே நிலைபெற்றன. பால்மரம் சீவிய மக்கள் தம் கூலியில் ஒரு பகுதியை ஈந்து அவற்றை எழுப்பினர். 1960களிலிருந்து ரப்பர் நிலங்கள் செம்பனையாயின. நீலாய் வட்டாரத்தில் தோட்டங்கள் நகரமாயின. குடும்பங்கள் சிரம்பானுக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தன. எனினும் திருவிழாதோறும் திரும்பி வந்து, மேடையேறாமல், அன்னதானப் பாத்திரம் கழுவிச் செல்வோர் உளர். அவர்களே கோயிலின் சுருதி.

ஒருவரை ‘ஒத்து ஊதுகிறார்’ என்று இகழுமுன், அவ்வொலி நின்றால் ராகம் என்னாகும் என எண்ணிப் பார்த்தல் நன்று.