மணலுக்குள்ளே குடியிருக்கும் உயிர்கள்



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். கொள்ளிடக் கரை ஊருக்கு வாக்கப்பட்டு பதினாறு வருசம் ஆச்சு. மணல் அள்ளினால் கிணறு வத்தும் என்பது நம்ம எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போறதில்லை. மணலுக்குள்ளே குடியிருக்கிற உயிர்களைப் பத்திச் சொல்றேன்.

அயிரை மீனை எடுத்துக்குங்க. ஆளைக் கண்டால் மணலுக்குள் புதைஞ்சுக்கும். ஆராலும் அப்படித்தான். மட்டி பாதி உடம்பை மணலில் புதைச்சுக்கிட்டு, தண்ணியை உறிஞ்சி, அதில் இருக்கும் பொடிப் பாசியையும் அழுக்கையும் தின்னுட்டு, தெளிஞ்ச தண்ணியை வெளியே விடும். காசு கேட்காத வடிகட்டி. தட்டான் இருக்கே, அதன் குஞ்சும் றெக்கை முளைக்கும் வரை தண்ணிக்குள்ளேதான் வளரும். கொசுப்புழுவைப் பிடிச்சுத் தின்னும்.

பொக்லைன் இறங்கினால் மீனாவது நீந்தி ஓடும். மட்டியும் நத்தையும் எங்கே ஓடும்? மணலோட லாரி ஏறிடும். தப்பினதுக்கும் நிம்மதி இல்லை. கலங்கின சேறு தண்ணியோட போய்க் கீழே படியும். மீன் முட்டை மேல படிஞ்சால் முட்டை மூச்சு முட்டிச் செத்துப்போகும். மட்டி ஓட்டை மூடிக்கிட்டுப் பட்டினி கிடக்கும். கலங்கலில் வெயில் இறங்காது, பாசி வளராது, நத்தைக்கு இரை இல்லை. இன்னொண்ணு எனக்கே ஆச்சரியம்: மட்டிக் குஞ்சு முதல்ல மீனோட செவுளிலேயோ துடுப்பிலேயோ ஒட்டிக்கிட்டுத்தான் வளருமாம். அப்போ மீன் போனால் மட்டியும் போச்சு.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடம் பழைய பாலம் சரிஞ்சதை டிவியில் பார்த்தோம். பாலம் விழுந்தால் பேப்பரில் வருது. மட்டி செத்தால் யார் போடுறாங்க?

இதைப் பேசுறது எனக்குச் சுலபமில்லை. மாட்டுவண்டி மணலில் கஞ்சி குடிக்கிற குடும்பம் இந்தக் கூட்டத்திலேயே இருக்கு. எங்க சொந்தத்திலும் லாரி ஓட்டுறவங்க உண்டு. மண்வெட்டியால் வண்டிக்கு அள்ளுறதும், ராத்திரியில் மிஷின் வெச்சு ஆள் ஆழத்துக்குத் தோண்டுறதும் ஒண்ணு இல்லைங்க. ஆத்து மீன் வித்துத் தவணை கட்டுற அக்காமாரும் நம்ம குழுவில்தான் இருக்காங்க. இப்போ அவங்க கூடை பாதிகூட நிறையறதில்லை. போன மாசத் தவணையை நாங்க அஞ்சு பேர் சேர்ந்து போட்டுக் கட்டினோம்.

5 ஹெக்டேருக்குக் குறைஞ்ச சின்ன மணல் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அதனால மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் நாம கேட்கணும்: நம்ம ஊர் ஆத்தில் அனுமதி கொடுத்த இடம் எது, எவ்வளவு ஆழம், அந்தப் பேப்பர் எங்கே? நாலு பேரா போனால் உட்காரச் சொல்லிடுவாங்க. ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. மீன் விக்கிற அக்காவையே முதல்ல பேசச் சொல்லுவோம்.