ஆறு பவுணும் ஒரு தொலைபேசியும்



கந்தோருக்குச் செல்லாமல், தம் வீட்டு மேசையில் இருந்தவாறே தூரதேசத்தார் ஒருவருக்குக் கடிதம் வரைந்தும், கணக்கெழுதியும், கணினி வேலை செய்தும் வருவாய் தேடுவோர் இன்று நம் ஊர்களிலும் உளர். வசதியான பிழைப்பு என்று அயலார் எண்ணுவர். ஆனால் அத்தொழிலின் முதற் சங்கடம் வேலையன்று, நம்பிக்கையே. முகங்காணாத ஒருவர் வீட்டுக்குள் இருந்து செய்வதை வேலையென்று பணங் கொடுப்போர் ஏற்பார்களா? இவ்வினாவுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தில் விடை கண்டவர் ஸ்டெபனி ஷேர்லி என்னும் அம்மையார்.

அவர் 1933ஆம் ஆண்டு ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரிற் பிறந்தவர். தந்தையார் யூத நீதிபதி. நாஜிகளின் கொடுமைக்குத் தப்புவிக்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் கூட்டமொன்றில், 1939இல், ஐந்து வயதுக் குழந்தையாக, ஒன்பது வயதுத் தமக்கையுடன் அங்கு வந்து சேர்ந்தார். கணிதத்தில் நாட்டமுடையவர், படித்த பெண்கள் பாடசாலையில் அதற்கு இடமில்லாமையால் ஆண்கள் பாடசாலைக்குச் சென்று அதனைக் கற்றார். பின்பு தபாற் பகுதியின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புகளிற் படித்துப் பட்டமும் பெற்றார். மேலே உயர முயன்றபோதோ, பெண் என்பதே தடையாயிற்று.

1962இல், 6 பவுண் முதலுடன், தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 'பிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற தாபனத்தைத் தொடங்கினார். கணினியை இயக்கும் செய்நிரலை எழுதி விற்பதே தொழில். அக்காலத்தில் இயந்திரம் வாங்குவோருக்குச் செய்நிரல் இலவசமாகவே கிடைத்தது. அதனை விலைக்கு விற்பதா என்று நகைத்தவர் பலர். ஸ்டெபனி என்று கையொப்பமிட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவரின் யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று ஆண்பெயராக ஒப்பமிட்டார்; பதில்கள் வரத் தொடங்கின!

அவரிடம் வேலை செய்தோர் பெரும்பாலும், மணமாகிப் பிள்ளை பெற்றதனால் உத்தியோகத்தை விட்ட பெண்கள். முதல் முந்நூறு பேரில் 297 பேர் பெண்களே. அவர்கள் வீட்டிற் கணினி ஏது? தாளில் எழுதித் தபாலில் அனுப்புவர். அது வேறோரிடத்தில் துளையிடப்பட்டு இயந்திரத்தில் ஏற்றப்படும். வேலை கேட்டு வருவோரிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று, தொலைபேசி வசதி உண்டா என்பது.

அம்மையாரின் தொலைபேசி அருகே ஓர் ஒலிப்பதிவு நாடாவும் இருந்தது. மணி அடித்ததும் அதனை ஓடவிடுவார். கந்தோரில் தட்டெழுத்துப் பொறிகள் ஓயாது இயங்குவது போன்ற ஓசை எழும். குழந்தையின் அழுகை மறுமுனையிலுள்ளவர் காதில் விழாது. இதனைச் சிறு ஏமாற்று என்று குறை கூறுவாரும் இருக்கலாம். குழந்தை அழுததனால் செய்நிரல் பிழையாகிவிடுவதில்லையே. பிழை கேட்போர் காதில் இருந்தது.

எனினும் மாற்றுப் பெயரும் நாடாவும் வாயிலைத் திறந்தனவேயன்றித் தொழிலை நிலைநிறுத்தவில்லை. நிலைநிறுத்தியது, வேலைக்கு முன்கூட்டியே மொத்தமாக ஒரு விலை பேசிய முறை. தையற்காரரிடம் துணி கொடுப்பவர், கூலி எவ்வளவு, சட்டை எப்போது கிடைக்கும் என்றே கேட்கிறார். பகலில் தைத்தீரா, பிள்ளை உறங்கிய பின் இரவில் தைத்தீரா என்று கேட்பதில்லை. மணிக்கணக்கிற் கூலி பேசியிருந்தால், அந்தப் பெண்கள் எந்நேரம் எங்கிருந்து வேலை செய்தனர் என்ற விசாரணை எழுந்திருக்கும். மொத்த விலையோ அக்கேள்வியையே அகற்றிவிட்டது. ஆனால் மதிப்பீடு தவறினால் நட்டம் முழுவதும் தம் தலையிலேயே விழும். ஆதலால் வேலையைப் பகுத்தளிக்கவும், சரிபார்க்கவும், முன்னேற்றத்தைக் கண்காணிக்கவும் ஒழுங்கு விதிகளை வகுத்துக்கொண்டனர். ஒலியினும் விரைந்து பறந்த கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான செய்நிரலும் இவ்வாறு வீடுகளிலிருந்தே எழுதப்பட்டது.

வேடிக்கை யாதெனில், 1975ஆம் ஆண்டுப் பால் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபின், பெண்களுக்கே முதலிடம் அளித்த இத்தாபனம் ஆண்களுக்கும் வழிவிட நேர்ந்தது. பிற்காலத்தில் அம்மையார் தம் பங்குகளிற் பெரும்பகுதியை ஊழியர்க்குக் கிடைக்கச் செய்தார். 1996இல் தாபனம் இலண்டன் பங்குச் சந்தையில் ஏறியது; ஊழியருள் எழுபது பேர் இலட்சாதிபதிகள் ஆயினர்.

இத்தொழிலின் மறுபக்கமும் ஒன்றுண்டு. 1963இற் பிறந்த அவருடைய ஒரே மகன் இரண்டரை வயதளவிற் பேச்சை இழந்தான். ஓட்டிசம் என்னும் குறைபாடு கண்டறியப்பட்டது. பிற தாய்மாருக்காக அவர் அமைத்த விருப்பநேர வேலை, அதன்பின் அவருக்கே தேவைப்பட்டது. பகலில் வாடிக்கையாளர், இரவில் மகன் என்று ஆண்டுகள் கழிந்தன. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு வீட்டின் பாரம் குறைவதில்லை. எந்நேரத்தில் எதனைச் சுமப்பது என்று தீர்மானிக்கும் உரிமை மாத்திரமே கிடைக்கிறது. அம்மகன் 1998இல், 35 வயதில் இறந்தான். தம் செல்வத்திற் பெரும்பகுதியை அம்மையார் ஓட்டிசமுள்ள பிள்ளைகளுக்கான பாடசாலைக்கும் ஆராய்ச்சிக்கும் வழங்கினார். 2025இல் அவர் மறைந்தபோது வயது 91.