கடலோரக் கரிசலுக்கு நல்ல தண்ணீர்



வறட்சிப் பகுதிகளுக்குக் குடிநீர் வழங்கும் புதிய வழிகளை ஆராய, வ.உ.சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரத்தில் கூடியிருக்கிறோம். கிழக்கே மன்னார் வளைகுடா, இங்கே மானாவாரிக் கரிசல், இடையில் உப்பளங்கள். நாளெல்லாம் பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்கள் குடிநீருக்குக் குடத்துடன் காத்திருக்கிறார்கள். இந்த நிலை மாற வேண்டும்.

வ.உ.சி. பிறந்த அதே 1872இல், சிலி நாட்டின் லாஸ் சலினாஸ் பாலைநிலத்தில் வெயிலைக் கொண்டே உவர்நீரை நன்னீராக்கும் ஆலை எழுந்தது. சாய்வான கண்ணாடிக் கூரையின் கீழ்த் தொட்டியில் உவர்நீர் நிற்கும். ஆவி கண்ணாடியில் துளிர்த்து ஓர வாய்க்காலில் வடியும். நாளுக்கு இருபதாயிரம் லிட்டருக்கு மேல் கிடைத்தது. பவநகரிலுள்ள மத்திய உப்பு ஆய்வு நிறுவனம் 1978இல் அவானியா கிராமத்தில் இம்முறையைச் செயல்படுத்தியது. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டரே தேறும் என்பதால் உப்பளக் குடியிருப்புகளுக்கு இது பொருந்தும், ஊர்களுக்குப் போதாது.

பெரிய அளவுக்குச் சவ்வு வழிச் சுத்திகரிப்பு உண்டு. மீஞ்சூர் ஆலை 2010இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கியது. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும்; உள்ளே எடுத்த நீரில் பாதிக்கும் மேல் கடும் உப்புக் கழிவாகத் திரும்பும். பவளப்பாறைகளும் முத்துச்சிப்பிப் பார்களும் உள்ள வளைகுடாவில் அதைக் கண்ட இடத்தில் விட முடியாது.

தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தித் தீவில் வேறு வழி காட்டியது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரை வெற்றிட அறையில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்நீரால் குளிர்வித்து, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுத்தது. நமது கரையோரக் கடல் ஆழமற்றது, அத்தகைய குளிர்நீர் இங்கே எட்டாது. ஆயினும் அனல் மின் நிலையம் கழிக்கும் வெந்நீரிலிருந்தே நன்னீர் எடுக்கலாம் என்பதை 2009இல் வடசென்னையில் மெய்ப்பித்தார்கள். தூத்துக்குடியிலும் அனல் மின் நிலையம் இருக்கிறது.

மழையை மறந்துவிடக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, இது நமது ஆண்டுச் சராசரியையே விஞ்சியது. கண்மாய், ஊருணி, பண்ணைக்குட்டைகளில் பிடிக்காத மழை கடலுக்கே போகும். பிறகு அதே நீரைப் பணம் செலவழித்துக் கடலிலிருந்து எடுக்கிறோம்.

என் கருத்து இது: கரையோரத் தொழிற்சாலைகள் கடல்நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தட்டும், தாமிரபரணி ஆற்றுநீரும் மழைநீரும் குடிக்கவும் உழவுக்கும் முதலில் சேரட்டும்.

இக்கருத்தரங்கில் கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டுகிறேன். ஒரு குடத்துக்கு என்ன செலவாகும்? உப்புக் கழிவு எங்கே போகும்? சவ்வோ பம்போ பழுதானால் கடைக்கோடிக் கிராமத்தில் யார், எத்தனை நாளில் சரிசெய்வார்? இந்த விடைகளோடு வரும் திட்டங்களையே நமது தீர்மானம் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று கூறி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.