வரம்பை மறைக்காத வணிகம்



நம் மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் கைப்பேசியுடன் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், அன்லிமிடெட் என்று சொல்லித்தான் கடைக்காரத் தம்பி காசு வாங்கினார். வெளிநாட்டிலிருந்து மகன் பேசினால் முகம் பாதியில் நின்றுவிடுகிறதே!" என்றார். கருவியில் பழுதில்லை. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. என்ற அளவு, பேரப்பிள்ளைகள் படம் பார்த்ததில் பிற்பகலுக்குள் தீர்ந்திருந்தது. அதன்பின் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகக் குறையும் என்பது விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அந்த வேகத்தில் ஒரு எம்.பி. வந்து சேரவே இரண்டு நிமிடம் ஆகும்.

அளவு வைப்பது குற்றமன்று. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வரும் நீர் நம் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்குப் பாய வேண்டும். மேல்மடைக்காரர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடைமடை காய்ந்துவிடும். அலைவரிசையும் பலருக்குப் பொதுவானதே. ஆயினும், அளவற்றது என்று கூறிவிட்டு அளவை மறைப்பது முறையாகுமா?

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததாக வியாபாரி காரணம் சொன்னார். ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அண்ணலார் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். சிறிய எழுத்தும் குவியலின் அடியில் உள்ள ஈரமே!

நிபந்தனைகள் மாறுவதையும் கண்டோம். ஜியோ நிறுவனம் 2016 செப்டம்பரில் தொடங்கியபோது நாளொன்றுக்கு 4 ஜி.பி. இலவசம். 2017 ஜனவரியில் அது 1 ஜி.பி. ஆயிற்று. என்றும் இலவசம் எனப்பட்ட பேச்சுக்கு, பிற நிறுவன எண்களை அழைத்தால் நிமிடத்திற்கு 6 பைசா என 2019 அக்டோபரில் கட்டணம் வந்தது. 2021 ஜனவரி 1-இல் நீங்கியது. 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது, வரம்பற்ற 5ஜி சேவை தினமும் 2 ஜி.பி.யும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கே என்று சுருங்கியது. மாதம் என்று நாம் எண்ணுவது பல திட்டங்களில் 28 நாள். ஆண்டுக்குப் பன்னிரண்டன்று, பதின்மூன்று முறை பணம் கட்ட நேர்கிறது.

இஜாரா எனும் வாடகை, கூலி உடன்படிக்கையில் பயன், காலம், கூலி மூன்றும் இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் விதிக்கின்றன. ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: தினசரி அளவு என்ன? தீர்ந்தால் வேகம் என்ன? எத்தனை நாள்? டேட்டா தேவைப்படாத முதியோருக்காக, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தர வேண்டுமென டிராய் ஆணையம் 2024 டிசம்பரில் விதி செய்தது. அதையும் கேட்டுப் பெறுங்கள்.

ரீசார்ஜ் கடை நடத்தும் நம் சகோதரர்களே! திட்டத்தை வகுத்தவர் நீங்கள் அல்லர். ஆனால் எழுத்தறியாத தாய் நம்புவது உங்கள் நாவைத்தான். "இவ்வளவுதான் அம்மா, இதற்குமேல் வேகம் குறையும்" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

பெரிய நிறுவனங்களைக் குறைகூறும் நாம் நம்மையும் பார்த்துக்கொள்வோம். திராட்சை கொடியில் தொங்கும்போது ஒரு விலை, வெட்டியபின் வேறு விலை என்று பேசுவோர் நம்மிலும் இல்லையா? வீட்டை வாடகைக்கு விடும்போது சொல்லாத நிபந்தனையைக் குடிவந்த பின் சொல்வதில்லையா? அளவில் குறைப்போரின் பெயராலேயே குர்ஆனில் 83-ஆவது அத்தியாயம் அமைந்திருப்பதை மறவோம்.

வாக்கில் ஒன்றும் வழக்கில் ஒன்றுமாக இல்லாத வணிகத்தையும், ஹலாலான வருவாயையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.