மனை யாருடையது?

(செவிலிமேடு கூட்டத்தில் பேசியது)



காஞ்சிபுரத்து மாடி வீடுகளுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவங்க நம்ம சனம். வீடு கட்ட நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம். கட்டுற மனை நம்முதா என்பதுதான் கேள்வி.

பறையருக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியானார்கள்.

2015இல் வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், தன் வீட்டைத் தானே கட்டுகிறவருக்கு மத்திய அரசு 1.5 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. ஆனால் மனை அவர் பேரில் இருக்கணும். வங்கியில் கடன் கேட்டு வரும் நம்ம சனத்திடம் நானும் அதையேதான் கேட்கிறேன்: "பட்டா இருக்கா?" கேட்கும்போதே கூசுகிறது.

செவிலிமேடு 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியில் சேர்ந்தது; 2021இல் அது மாநகராட்சியானது. ஊர் பெருக்கப் பெருக்க மனை விலை ஏறும். நாம இன்னும் வெளியே தள்ளப்படுவோம். எனவே நகரத் திட்ட வரைபடம் போடும்போதே நமக்கான மனைகளைக் குறிக்கச் சொல்வோம். ஆற்றோரப் பள்ளத்தில் அல்ல, ஊருக்குள்ளே. நம் குடியிருப்புக்கு நிலம் எடுக்க 1978ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. பெண்கள் பேரில் பட்டா கொடுக்கட்டும்.

வீட்டை நாங்க கட்டிக்கறோம்.