தூங்கும் கிழங்கு
(தாராவியில் கற்போர் கூட்டம் ஒன்றில் பேசிய பேச்சு)



நம் சந்துகளில் வெயில் குறைவு. மழை வந்தால் ஈரம் அதிகம். "இங்கே எந்தச் செடி வளரும்?" என்று பலர் கேட்கிறார்கள். நிழலையும் ஈரத்தையும் விரும்பும் செடி ஒன்று உண்டு. செடி விற்பவர்கள் அதைக் கலேடியம் என்பார்கள். பார்க்கச் சேம்பு போல இருக்கும். இலையில் வெள்ளை, சிவப்பு, ரோஜா நிறங்கள் திட்டுத் திட்டாக இருக்கும். அதனால் நான் அதை வண்ணச் சேம்பு என்கிறேன். இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா.

முதல் வருஷம் நான் ஒரு தப்புச் செய்தேன். மழை முடிந்தது. இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. செடி செத்துவிட்டது என்று நினைத்தேன். தொட்டி மண்ணைக் குப்பையில் கொட்டினேன். செடி சாகவில்லை. மண்ணுக்குள் கிழங்கு தூங்கியது! அது எனக்குத் தெரியவில்லை.

எப்படி வளர்ப்பது? கும்பார்வாடா நம் பக்கத்திலேயே இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் அங்கே மண் தொட்டி செய்கிறார்கள். அடியில் ஓட்டை உள்ள தொட்டியாக வாங்குங்கள். ஓட்டையின் மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை வையுங்கள். மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, கொஞ்சம் மணல் கலந்து நிரப்புங்கள்.

மே மாதக் கடைசியில் கிழங்கை நடுங்கள். முளைக் கண் மேலே இருக்கட்டும். 2 அங்குல ஆழம் போதும். காலை வெயில் கொஞ்சம் படலாம். உச்சி வெயில் பட்டால் இலை கருகும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் அரிசி கழுவிய தண்ணீரே போதும். சோப்புத் தண்ணீர் வேண்டாம். மண் சேறாகக் கிடந்தால் கிழங்கு அழுகிவிடும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறீர்களா? அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகச் சுமார் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போகாது.

இன்னொரு முக்கியமான விஷயம். நம் மராட்டிய அக்காமார் ஆலு இலையில் வடி செய்வார்கள். அது சமைக்கும் சேம்பு. வண்ணச் சேம்பைச் சமைக்கக் கூடாது. அதன் இலையிலும் கிழங்கிலும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாய் எரியும். நாக்கு வீங்கும். குழந்தைக்கு எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவுங்கள். குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாய் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, உடனே சயான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மழை முடிந்த பிறகு இலை மஞ்சளாகும். பயப்படாதீர்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இலை முழுவதும் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். தொட்டியை மழை படாத மூலையில் வையுங்கள். மே மாதம் மறுபடி தண்ணீர் காட்டினால் கிழங்கு விழித்துக்கொள்ளும். கிழங்கு பெருத்திருந்தால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண் இருக்கும்படி வெட்டுங்கள். வெட்டும்போது கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொள்ளுங்கள். சாறு பட்டால் அரிக்கும். வெட்டுக்காயத்தை இரண்டு நாள் உலர விட்டு நடுங்கள். ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

இப்போது என் தொட்டியில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன்: "வண்ணச் சேம்பு. தின்னக் கூடாது. மே மாதம் எழுப்பு." அன்று எனக்கு எழுதத் தெரியாது. என் தொட்டியைப் பார்த்து எடுத்துச் சொல்லவும் யாரும் இல்லை. இன்று உங்களுக்கு எழுதத் தெரியும். உங்கள் தொட்டியில் நீங்களே எழுதுங்கள். அதைப் படிப்பவர் யாரும் தூங்கும் கிழங்கைக் குப்பையில் கொட்டமாட்டார்கள்.